கயிற்றின் மறுமுனை

இது நடந்தது. எனக்கே நடந்தது. நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்கு நேரமில்லை. விசாரணைக்கு நான் எழுதிக் கொடுத்த அறிக்கையில் என் கையெழுத்து இருக்கிறது. ஆனால் அதில் பாதியைத்தான் எழுதினேன். மீதியை எழுதியிருந்தால் மருத்துவ விடுப்பு கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அந்த மீதியை இங்கே எழுதுகிறேன்.

நான் வேலை பார்ப்பது விளையாட்டு மைதானத்தை ஒட்டிய ரயில் நிலையத்தில். மற்ற நாட்களில் ஈ ஓட்டுவோம். பெரிய ஆட்டம் என்றால் நாற்பதாயிரம் பேர் ஒரே நேரத்தில் வீட்டுக்குப் போக வேண்டும் என்று வந்து நிற்பார்கள். ஜெயித்த கூட்டம் சந்தோஷத்தில் தள்ளும், தோற்ற கூட்டம் எரிச்சலில் தள்ளும். தள்ளு வாங்குகிற எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆட்ட நாட்களில் ஏழு நிமிடத்துக்கு ஒரு சிறப்பு ரயில் விடுவோம். எல்லாம் இரண்டாம் பிளாட்பாரத்திலிருந்து. அதற்கு மேலே இருந்து ஓர் அகலமான படிக்கட்டு இறங்குகிறது. பாதியில் திரும்புவதால் மேலே நிற்பவர்களுக்குக் கீழ்ப்பகுதி தெரியாது. படிக்கட்டின் மேல்வாயில் குறுக்கே ஒரு தடித்த கயிறு. இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்வோம். ரயில் வந்ததும் கயிற்றை இறக்குவோம். ஒரு ரயில் அளவுக்கு ஆள் போனதும் தூக்கிவிடுவோம். இரும்புத் தடுப்பு ஏன் இல்லை என்று கேட்பார்கள். இரும்பு நெஞ்சை நசுக்கும், கயிறு கொஞ்சம் விட்டுக் கொடுக்கும்.

ஒரே சிக்கல், வாயின் நடுவில் இருக்கும் பெரிய தூண். இந்த முனையில் இருப்பவருக்கு அந்த முனை தெரியாது. கூட்டம் கத்தும் கத்தலில் வாக்கி-டாக்கி பாதி நேரம் கேட்காது. அதனால் எங்களுக்குள் கயிற்றிலேயே பேச்சு. ஒரு தடவை இழுத்தால் 'பிடி'. இரண்டு தடவை இழுத்தால் 'விடு'. அந்தப் பக்கமும் இரண்டு தடவை இழுத்துச் சம்மதம் சொன்னால்தான் கயிற்றை இறக்கலாம். பதில் வராமல் விடவே கூடாது. இதற்கு மேல் ஒரு சொல்லும் எங்கள் கயிற்று மொழியில் இல்லை.

அந்த இறுதி ஆட்டம் சனிக்கிழமை நடந்திருக்க வேண்டியது. மழை கொட்டி, ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப் போட்டார்கள். சிறப்பு ரயில் பட்டியலும் வேலைப் பட்டியலும் ஒரே ராத்திரியில் மறுபடி தயாராக வேண்டும். அந்த வேலை என் தலையில் விழுந்தது. சனிக்கிழமைப் பட்டியலை அப்படியே எடுத்து, பதினான்கு இடத்தில் தேதியை மட்டும் மாற்றினேன். பத்தே நிமிடத்தில் முடிந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டு தூங்கப் போனேன்.

என் கணவரும் எட்டு வயது மகளும் ஆட்டம் பார்க்கப் போயிருந்தார்கள். ஆட்டம் முடிந்ததும் படிக்கட்டில் இடது பக்கம், என் முனைக்கு நேராக வந்து நிற்கச் சொல்லியிருந்தேன். சொந்த ஆட்களை முதலில் ஏற்றிவிடலாம் என்ற சின்னக் கள்ளத்தனம்தான்.

மாலை 5:34-க்கு ஆட்டம் முடிந்தது. 5:48-க்குக் கயிற்றைப் பிடித்து நின்றோம். இடது முனை நான். வலது முனை நெட்டை. ஆறடி நான்கு அங்குலம், அதனால் அந்தப் பெயர். வேலையில் கொஞ்சம் மசமசப்பு. கயிற்றை இழுத்தால்கூடக் கொட்டாவி விடுவது மாதிரி நீளமாக, மெதுவாக இழுப்பான். அவன் உயரத்துக்குக் கயிறு எப்போதும் என் கையிலிருந்து தூணை நோக்கி மேலேறித்தான் போகும்.

முதல் இரண்டு ரயில் ஒழுங்காகப் போயின.

6:08. மூன்றாவது ரயில். இரண்டு தடவை இழுத்தேன். பதில் உடனே வந்தது. வெடுக், வெடுக்... சுருக்கமான இரண்டு இழுப்பு. 'அடேங்கப்பா, நெட்டைக்கு இன்னைக்கு என்ன சுறுசுறுப்பு' என்று நினைத்துக்கொண்டேன்.

கயிற்றை மறுபடி தூக்கியபோதுதான் கவனித்தேன். அது மேலேறவில்லை. என் இடுப்பிலிருந்து தூணை நோக்கிக் கீழே சரிந்து போனது. தூணைத் தொடும் இடத்தில் முழங்கால் உயரம்தான் இருந்தது. உட்கார்ந்துகொண்டு பிடிக்கிறானா, சோம்பேறி? ரயில் போகட்டும், வைத்துக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்தேன்.

6:15. நான்காவது ரயில். மறுபடி அதே சுருக்கமான இரண்டு இழுப்பு. ஆட்கள் இறங்கினார்கள். கயிறு ஏறியது. அந்தப் பக்கம் மட்டும் ஏறவில்லை.

கயிறு ஈரமாக இருந்தது. அன்று மழை இல்லை.

6:17. "அம்மா!" என்று ஒரு குரல். முன்வரிசையில் என் மகள், முகமெல்லாம் வண்ணம் பூசிக்கொண்டு நின்றாள். அவள் பின்னால் என் கணவர். அவர்கள் பின்னால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தலைகள். கயிறு அவள் நெஞ்சில் அழுந்தியது. "அஞ்சே நிமிஷம்டா கண்ணு, அடுத்த ரயில்ல போயிடலாம்" என்றேன்.

6:20. கீழேயிருந்து ஒரு சத்தம்.

கர்ர்ர்ர்... டங்.

ரயில் சத்தம் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

6:22. வாக்கி-டாக்கி இரைந்தது. கட்டுப்பாட்டு அறை அதிகாரி. "ரெண்டுல வண்டி நிக்குது. கயித்தை விடு."

இரண்டு தடவை இழுத்தேன்.

பதில் ஒரே ஒரு இழுப்பு. 'பிடி.'

மறுபடி இரண்டு இழுத்தேன். மறுபடி ஒன்று. இந்த முறை என் தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. அப்படியொரு பலம் நெட்டைக்கு ஏது?

"என்ன பண்றீங்க மேல? வண்டி காத்துட்டிருக்கு! விடு, விடு!" அதிகாரி கத்தினார்.

கூட்டம் ஊளையிட்டது. பின்னாலிருந்து ஒரு தள்ளு வந்தது. மகள் "ஹக்" என்றாள்.

"என்ன பாத்துட்டிருக்க? விடேன்! பாப்பாக்கு மூச்சு முட்டுது!" என்றார் என் கணவர். அவர் என்னை அப்படி அதட்டியதே இல்லை.

"நெட்டை! விடுடா!" தொண்டை கிழியக் கத்தினேன்.

ஒரு இழுப்பு.

எனக்கு அழுகை வந்தது. ஆத்திரமும் வந்தது. பதில் வராமல் விடக்கூடாது... ஆனால் பிள்ளை திணறுகிறாளே. விதியாவது ஒன்றாவது என்று கையைத் தளர்த்தினேன்.

கயிறு நகரவில்லை.

என் கை திறந்துதான் இருந்தது. கயிறு உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது போல அசையாமல் நின்றது. நூற்றுக்கணக்கான பேர் சாய்ந்து நிற்கிறார்கள். அது இரும்புக் கம்பியாக நிற்கிறது.

கயிறு குளிர்ந்தது.

6:25... 6:26... ஒரு இழுப்பு. ஒரு இழுப்பு. நான் எதுவும் கேட்காமலேயே. ஒரு இழுப்பு.

6:27. கீழே பிளாட்பாரத்தில் இருந்த ஊழியரின் குரல் வாக்கி-டாக்கியில் அலறியது. "யாரையும் இறக்காதீங்க! படிக்கட்டு ஷட்டர் மூடிக் கிடக்கு! யாரையும் இறக்காதீங்க!"

ஷட்டர்.

ஆட்டம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டாம் பிளாட்பாரத்திலிருந்து கடைசி ரயில் 6:15-க்கு. அதன் பிறகு யாரும் நுழையாமல் இருக்க, 6:20-க்குப் படிக்கட்டின் அடியில் இருக்கும் இரும்பு ஷட்டர் தானாக இறங்கும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்றால் அதை முன்கூட்டியே அணைத்து வைக்க வேண்டும். சனிக்கிழமைப் பட்டியலில் அந்த வரி இருக்காது. சனிக்கிழமை ஷட்டர் இறங்காது.

தேதியை மட்டும் மாற்றியவள் நான்.

விட்டிருந்தால்... திருப்பம் வரை யாருக்கும் தெரிந்திருக்காது. முன்னால் போகிறவர்கள் மூடிய இரும்பில் மோத, பின்னால் ஆயிரம் பேர் இறங்கிக்கொண்டே இருந்திருப்பார்கள். முதலில் இறங்கியிருப்பவள் என் மகள்.

6:31. பின்வரிசைகளைக் காவலர்கள் பின்னுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். அழுத்தம் கொஞ்சம் குறைந்தது. அப்போது கயிறு அசைந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று.

மூன்றா? அப்படி ஒரு சொல் எங்களிடம் இல்லையே.

மறுபடி மூன்று. முன்பிருந்த பலம் இல்லை. இழுப்பு நடுங்கியது.

நான் யோசிக்கவில்லை. என் முனையை அப்படியே தரையில் போட்டேன். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரோரமாக அலுவலக அறைக்கு ஓடினேன். கணவர் பின்னாலேயே வந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

ஷட்டரை 6:36-க்குத் தூக்கினார்கள். ஒருவருக்கும் அடி இல்லை.

ஏழு மணிக்கு நெட்டையைத் தேடிப் போனேன். காலில் விழுந்து நன்றி சொல்லும் அளவுக்கு மனசு பொங்கியது. அவன் டிக்கெட் வாசலில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"எப்படிடா தெரிஞ்சுது உனக்கு?"

"என்ன தெரிஞ்சுது? ஆறு மணியிலிருந்து நான் இங்கதானே நிக்கிறேன்."

"விளையாடாத."

"சத்தியமாக்கா. இங்க கைகலப்புன்னு கூப்பிட்டாங்க. கயித்தைக் கீழ போட்டுட்டு வந்துட்டேன். வேற ஆள் அனுப்பச் சொல்லி வாக்கியில சொன்னேனே, கேக்கலையா?"

கேட்கவில்லை. வேறு ஆள் யாரையும் அனுப்பவும் இல்லை.

மறுநாள் காலை 11 மணிக்குக் கட்டுப்பாட்டு அறை அதிகாரி என்னைத் தனியாக வரச் சொன்னார். கதவைச் சாத்தினார். முந்தைய நாள் 'விடு, விடு' என்று கத்தியவர், இரவெல்லாம் தூங்காத முகத்தோடு உட்கார்ந்திருந்தார். வலது பக்கக் கேமராவின் பதிவைப் போட்டார்.

6:02. நெட்டை கயிற்றைத் தரையில் போடுகிறான். போகிறான்.

6:03. கயிறு தரையிலிருந்து எழுகிறது. முழங்கால் உயரம். முனையில் யாரும் இல்லை. அதிலிருந்து இரண்டடி தூரத்தில் ஜனங்கள் கொடியை ஆட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

அதிகாரி 6:30-இல் நிறுத்தினார். என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"கடைசில மூணு தடவை இழுத்துச்சா?"

அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அறிக்கையிலும் எழுதவில்லை.

"உங்களுக்கு எப்படி சார்..."

"பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி இடது முனையில நான் நின்னேன். கொட்டுற மழை, ஒரு நெரிசல். வலது முனையில என் கூட்டாளி. நான் 'விடு'ன்னு கேட்டேன். அவன் 'பிடி'ன்னான். கீழ ஏதோ தப்புன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. கூட்டம் அவனைக் கீழ தள்ளிடுச்சு. கயித்தைக் கையில சுத்தியிருந்தான். விழுந்து கிடந்தும் விடல."

"மூணுன்னா என்ன சார்?"

"அப்போ இருந்துச்சு. அதுக்கப்புறம் எடுத்துட்டோம்." அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "என்னால முடியல, ஆள் அனுப்புன்னு அர்த்தம். எத்தனையோ தடவை இழுத்தான். நான் பயந்துபோய் என் முனையைப் போட்டுட்டு ஓடிட்டேன். அவன் அங்கேயே செத்துட்டான்."

அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அவர் பதிவை மறுபடி ஓடவிட்டார்.

6:31. கயிறு மூன்று தடவை துடிக்கிறது. மறுபடி மூன்று. பிறகு தூணுக்கு அந்தப் பக்கம் கயிறு தொய்ந்து விழுகிறது. அது என் முனை. நான் போட்டுவிட்டுப் போன முனை.

வலது முனை விழவில்லை.

காலியான காற்றில், முழங்கால் உயரத்தில், அப்படியே நிற்கிறது. 6:37... 6:40... கூட்டம் பக்கத்திலேயே நகர்ந்து இறங்கிப் போகிறது. கடைசி ஆள் படி இறங்கிய 6:52 வரை அது கீழே இறங்கவில்லை.

அந்த இருபத்தொரு நிமிடமும், நிறுத்தாமல், மூன்று மூன்றாக இழுத்துக்கொண்டே இருந்தது.