அத்தையின் சம்பளமும் என் இங்கிலீஷும்

எங்கள் குடும்பத்தில் இங்கிலீஷ் பள்ளிக்குப் போன முதல் ஆள் நான். அதனால் ஒன்பது வயதிலேயே எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். அத்தைக்குச் சம்பளத் தகராறு வந்தபோது, தீர்த்துவைக்க என்னை விட்டால் ஆள் கிடையாது என்று உறுதியாக நம்பினேன்.

அத்தை சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு மசாலா மில்லில் மிளகாய்த்தூள் பொட்டலம் கட்டினார். லேபர் ஆபீசுக்குப் பயந்த முதலாளி, மாதச் சம்பளம் அறுபது வெள்ளி என்று இங்கிலீஷில் தாள் அடித்து, எல்லாப் பெண்களிடமும் கைநாட்டு வாங்கி, ஆளுக்கொரு பிரதி கொடுத்திருந்தார். மூன்றாம் மாதமே நாற்பத்தைந்து என்று இன்னொரு தாள் அடித்து, அதிலும் கைநாட்டு கேட்டார். அப்பா நோயில் படுத்திருந்த காலம் அது. வீட்டு வாடகை அத்தை சம்பளத்தில்தான் போனது. அறுபதிலேயே இழுபறி.

சனிக்கிழமை காலை அத்தை என்னை மில்லுக்குக் கூட்டிப்போனார். முதலாளி எனக்கு ஒரு பாட்டில் கலர் வாங்கிக் கொடுத்தார்.

"நீ படிச்ச பிள்ளை. அத்தைகிட்ட நல்லா எடுத்துச் சொல்லு லா. வியாபாரம் ரொம்ப டல்லு."

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நான் கலர் கொடுத்தவரை நினைத்தேன். "கைநாட்டை வச்சிடுங்க அத்தை" என்றேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அத்தை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இதுல என் கைநாட்டு அவசியம் வேணுங்களா முதலாளி?"

"பின்னே? வேணும்தான்."

"அப்ப அது இல்லாம உங்களால குறைக்க முடியாது. நான் வைக்க மாட்டேன்."

"சரி, திங்கக்கிழமையிலேருந்து நீ வர வேணாம்."

அத்தை இடுப்பில் செருகியிருந்த பழைய தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். "வேலைய விட்டு நிறுத்துறதப் பத்தி இருக்கும். சத்தமா வாசி பாப்பா."

ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும் என்றிருந்தது. வகுப்பில் வாசிப்பதுபோல் இங்கிலீஷில் வெளுத்து வாங்கிவிட்டு, தமிழிலும் சொன்னேன். பாதியிலேயே அரவை மெஷின் நின்றுபோனது. என் குரல் மில் முழுக்கக் கேட்டது. முதலாளி என் தலைக்கு மேலாக வாசலைப் பார்த்தார். புதுத் தாளை மடித்து மேசைக்குள் போட்டார்.

"சரி, சரி. எல்லாருக்கும் அறுபதே இருக்கட்டும்" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம், முதலாளியை மடக்கிய என் இங்கிலீஷைப் பற்றி நானே பேசிக்கொண்டு வந்தேன். அத்தையும் மறுக்கவில்லை. பல வருடம் கழித்து அவர் சொல்லித்தான் தெரியும்: எனக்குப் பின்னால், மெஷினை நிறுத்திவிட்டு, சிவந்த கைகளோடு பதினொரு பெண்கள் வாசலை அடைத்து நின்றிருக்கிறார்கள். நான்தான் திரும்பிப் பார்க்கவில்லை. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன்.