காலியாக விட்ட தேதி

ஆஸ்பத்திரியில் சேர்த்த இருபத்தோராம் நாள் டாக்டரம்மா கன்னியம்மாவை உட்கார வைத்துப் பேசினார். அவள் கணவர் திருவேங்கடம் கருங்குழியில் டிராக்டர் ஓட்டுபவர். நிமோனியா முற்றி, தொண்டையில் துளைபோட்டுச் செருகிய குழாய் வழியே மெஷின் தள்ளும் காற்றில் கிடந்தார்.

“வயசு, கிட்னி, ரத்தத் தட்டணு, பிரஷர் மருந்து எல்லாம் சேர்த்து ஒரு கணக்குப் போடுவோம்மா. இவர் நிலைமையில பத்துப் பேர் இருந்தா மூணு பேர்தான் வீட்டுக்குப் போய் நல்லா இருப்பாங்க.”

“அவரு பீடிய வுட்டு ஆறு வருசம் ஆச்சு. அத்த சேத்தீங்களா?”

“அது கணக்குல இல்லம்மா.”

“அப்ப மறுபடி போடுங்க.”

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பத்துப் பேரைத்தான் அதுக்குத் தெரியும். இவரைத் தெரியாது. தினமும் கொஞ்ச நேரம் மெஷினைக் கழற்றிப் பார்ப்போம்.”

வெளியே கொழுந்தன் பூபாலன் ஆம்புலன்ஸ் பேசிவிட்டுக் காத்திருந்தான். உயிர் சொந்த வீட்டில்தான் போக வேண்டும் என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். காற்றுப் பையை அமுக்கிக்கொண்டே கொண்டுபோய், வாசலில் இறக்கியதும் கையை எடுத்துவிடுவார்கள்.

“அண்ணி, கையெழுத்துப் போடு. அண்ணன் வூட்ல போவட்டும்.”

“வூட்டுக்கு வருவாரு. நடந்து வருவாரு. பேசின ஆம்புலன்ஸ்ல நீ படுத்துகினு போ.”

திமிர் பிடித்தவள் என்றது சொந்தபந்தம். கன்னியம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதல் நாள் மெஷின் இல்லாமல் ஏழு நிமிடம். மறுநாள் பன்னிரண்டு. நாலாம் நாள் காய்ச்சல் வந்து எல்லாம் போச்சு. மறுபடி ஏழிலிருந்து. நாற்பத்தாறாம் நாள் அந்த மெஷினை அடுத்த கட்டிலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

அறுபதாம் நாள் ஆட்டோ வாசலில் நின்றது. கன்னியம்மாவின் தோளைப் பிடித்து, இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கி, திருவேங்கடம் நடந்தே உள்ளே போனார்.

மறுநாள் நெல் காயப்போட விரிப்புத் தேடியவள் மாட்டுக்கொட்டகையில் சுருட்டிச் செருகியிருந்த ஒரு பேனரை இழுத்தாள். ‘கண்ணீர் அஞ்சலி’. முறுக்கிய மீசையோடு திருவேங்கடம். ‘தோற்றம்’ பக்கத்தில் பிறந்த தேதி. ‘மறைவு’ பக்கத்தில் ஒன்றுமில்லை.

பூபாலன் தலையைச் சொறிந்தான். “அச்சரப்பாக்கத்துக் கடைக்காரன் ஒரு வாரம் லீவுன்னான் அண்ணி. அதான் முன்னாடியே...”

திருவேங்கடம் தொண்டைத் துளைமேல் இருந்த கட்டுத்துணியை விரலால் அழுத்திக்கொண்டு பேசினார். “போட்டோ சோக்கா கீதுடா. தேதி அப்டியே இருக்கட்டும்.”

கன்னியம்மா அதைத் தெருவிலேயே விரித்து, முகத்தை மட்டும் விட்டுவிட்டு நெல்லைக் கொட்டினாள். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காக்கை விரட்டினார் அவர். போகிறவர்கள் எல்லாம் படத்தையும் பார்த்தார்கள், ஆளையும் பார்த்தார்கள்.