பொம்மைக்குப் போட்ட சட்டை

டிசம்பர் கடைசி நாள். என் மகள் சுக்குக் காப்பி போட்டு எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தான் இந்த வருடம் எப்படி இருந்தோம் என்று தனியாக உட்கார்ந்து யோசிக்கப் போகிறாளாம். "நீங்களும் யோசிங்கப்பா" என்று எனக்கும் உத்தரவு. கண்ணை மூடி யோசித்தேன். குறை என்று ஒன்றும் அகப்படவில்லை. தூக்கம்தான் வந்தது.

சுக்கு வாசனை என்னைக் கொச்சியின் மட்டாஞ்சேரி கிட்டங்கிக்கு இழுத்துப் போனது. இஞ்சியும் மிளகும் மூட்டை மூட்டையாக அடுக்கிய அந்த இடத்தில் நான் கணக்குப்பிள்ளை. யோசிக்கிற வேலையை அங்கே நம்மிடம் விடமாட்டார்கள். வருடம் முடிகிற அன்று கொச்சியில் பப்பாஞ்சி என்று ஒரு கிழவன் பொம்மை செய்து எரிப்பார்கள், பழைய வருடம் அதோடு தொலைந்தது என்று அர்த்தம். நாங்களும் பழைய சாக்கில் வைக்கோல் அடைத்து ஒன்று செய்வோம். அதற்குச் சட்டை கொடுப்பது வருடத்துக்கு ஒருவர் முறை. சட்டை யாருடையதோ அவருடைய குறைகளை மற்றவர்கள் பொம்மையைப் பார்த்துச் சொல்வார்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம், வாயைத் திறக்கக் கூடாது.

என் முறை வந்தபோது, மூட்டை சுமக்கும் தென்காசி செல்லப்பா பொம்மையின் தாடையைத் தட்டி, "ஏலே, சிரிச்சா சம்பளத்துல பிடிச்சிருவாங்களா?" என்று கேட்டான். அதுவரை நான் மிடுக்காக இருப்பதாகத்தான் நினைத்திருந்தேன்.

அடுத்த வருடம் செல்லப்பாவின் சட்டை. மனைவியையும் குழந்தையையும் ஊரிலேயே விட்டிருந்தான். கூட்டி வரச் சொன்னால் அடுத்த பொங்கலுக்கு என்பான். காரணம் எல்லோருக்கும் தெரியும். கொச்சியில் கணக்கு எழுதுவதாக வீட்டில் அளந்து வைத்திருந்தான். என் உத்தியோகத்தை இரவல் எடுத்தவன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கடைசியாக ஊருக்குப் போனபோது குழந்தை அவனைக் கண்டு பயந்து அழுததாம். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

இஞ்சி தரம் பிரிக்கும் பிலோமினா சேச்சி பொம்மையின் முன்னால் போய் நின்றார். "எடா, நீ சாக்கு சுமக்கறது அவ அறிஞ்சா என்ன, ஆகாசம் இடிஞ்சு விழுமோ? சொந்தக் குட்டிக்கு அப்பன் முகம் தெரியலை. போய்க் கூட்டிட்டு வாடா."

யாரும் சிரிக்கவில்லை. செல்லப்பா பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தான். இருட்டியதும் அவனே அதற்குத் தீ வைத்தான்.

பொங்கல் முடிந்து குடும்பத்தோடு வந்து இறங்கினான். உண்மை தெரிந்து அவன் மனைவி அழுவாளோ என்று எங்களுக்கெல்லாம் ஒரே பதைப்பு. அவள் சேச்சியிடம் சொன்னாள்: "எனக்கு முன்னமே தெரியும்க்கா. கணக்கு எழுதுறவருக்குத் தோளு எதுக்குக் காய்ச்சுக் கிடக்கு?"

இப்போது அந்தக் கிட்டங்கியில் வெளிநாட்டுக்காரர்களுக்குப் பித்தளை விளக்கு விற்கிறார்கள். சேச்சி காலமாகிவிட்டார். பப்பாஞ்சியை இன்றும் எரிக்கிறார்கள், மாடி உயரத்துக்குச் செய்து, கூட்டத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு. செல்லப்பா தென்காசியில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறான்.

மகள் யோசிக்கச் சொன்ன அன்றைக்கு, பல வருடம் கழித்து அவனுக்குப் போன் போட்டேன். சாப்பாடு, சர்க்கரை, முட்டிவலி எல்லாம் விசாரித்த பிறகு, என்னிடம் இருக்கிற குறை ஏதாவது ஒன்று சொல்லேன் என்று கேட்டேன்.

"ஒங்களுக்கு என்ன சார் குறை? தங்கமான மனுஷன்" என்றான்.

அவன் என்னை சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.