தவமலர் எழுதிய பதினொரு வரிகள்

நேற்று மத்தியானம் எங்கள் தெருவில் மின்சாரம் போய்விட்டது. என் மடிக்கணினியின் பற்றரி எப்போதோ செத்துப்போனது. வயரில்தான் அது உயிர் வாழ்கிறது. எழுதிக்கொண்டிருந்ததைச் சேமிக்கப் பொத்தானை அழுத்திய அதே கணத்தில் திரை கறுத்தது. பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் இரைய, மண்ணெண்ணெய்ப் புகை ஜன்னலால் உள்ளே வந்தது. மின்சாரம் வந்தபின் திறந்து பார்த்தால், அதற்குமுன் சேமித்தது ஓர் எழுத்துக் குறையாமல் இருந்தது. மகள் எட்டிப்பார்த்து, "நல்ல புரோகிராம் என்னப்பா?" என்றாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பாவம் பிள்ளை, ஒன்றும் விளங்காமல் போய்விட்டாள். உங்களுக்காவது சொல்லி ஆற்றிக்கொள்கிறேன்.

அதே புகை மாங்குளத்திலும் மணத்தது. போர் ஓய்ந்திருந்த சமாதானக் காலம், போராளிகளின் பக்கமிருந்த அந்த ஊருக்கு வவுனியாவிலிருந்து போகும் ஏ9 பாதை திறந்திருந்தது. சந்தியிலிருந்து கூப்பிடு தூரத்தில், தகரக் கூரை போட்ட ஓர் அறையில், மூன்று கணினிகளை வைத்து வகுப்பு நடத்தினோம். வவுனியாவிலிருந்து போன நான் 'சேர்'. குடியேற்றத் திட்டத்து வயல்காரர் வீட்டுப் பெண் தவமலர் 'ரீச்சர்'. எங்கள் இருவருக்கும் ஒரே வயது. என்னிடம் சான்றிதழ்கள் இருந்தன, அவரிடம் மூளை இருந்தது.

அந்த ஜெனரேட்டர் நினைத்த நேரம் நிற்கும். அப்போது எவராவது சேமித்துக்கொண்டிருந்தால் அவர் எழுதியது அவ்வளவும் போச்சு. நாங்கள் பாவித்த எழுதும் புரோகிராம், நான் இன்றும் பாவிப்பதுதான், அப்போது பழைய பிரதியை அழித்துவிட்டுத்தான் புதியதை எழுதத் தொடங்கும். நடுவில் மின்சாரம் போனால் இரண்டும் இல்லை. பிள்ளைகள் அழுவார்கள். நான் ஜெனரேட்டரை உதைப்பேன், பெருவிரல் வீங்கியதுதான் மிச்சம்.

தவமலர் அதன் நிரலைக் கேட்டார். அது இலவசப் புரோகிராம். உள்ளே இருக்கும் நிரலை எவரும் வாசிக்கலாம், திருத்தலாம், திருத்தத்தை எங்கோ தூரதேசத்தில் அதை நடத்துகிறவர்களுக்கு அனுப்பலாம். நான் குறுந்தட்டில் கொண்டுவந்து கொடுத்ததை அவர் மூன்று கிழமை வாசித்தார். கடைசியில் பதினொரு வரிகள் எழுதினார். முதலில் எல்லாவற்றையும் வேறொரு கோப்பில் எழுது, முழுதாக எழுதி முடிந்த பிறகே பழையதன் இடத்தில் வை. அவ்வளவுதான். வயரைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தோம். ஒரு கோப்பும் அழியவில்லை.

"உங்கட சேட்டிபிக்கற் எல்லாம் பத்திரமா வீட்டில கிடக்கு," என்றார். "என்ர எல்லாம் இடம்பெயரேக்க துலைஞ்சு போச்சு. இதில என்ர பேர் வந்தா, நாளைக்கு எங்கையாவது வேலை கேட்டுப் போகேக்க காட்டலாம்." வரிகளுக்கு மேலே தன் பெயரையும், அதன்கீழ் மாங்குளம் என்றும் தட்டினார்.

எங்களுக்கு இணையம் இல்லை. சனிக்கிழமைகளில் வீட்டுக்குப் போகும் நான்தான் தபால்காரன். இராணுவத்தின் ஓமந்தைச் சோதனைச்சாவடிக்கு வருமுன் பையைக் கொட்டி, பெயர் எழுதிய எதையும் எடுத்துவிடுவது அப்போது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். கடித உறை, கொப்பி மட்டை, பஸ் ரிக்கற்றின் பின்னால் கிறுக்கிய விலாசம். யாருடைய பெயர் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டும், சொன்னால் அடுத்த கேள்வி வரும். சொந்தக்காரரின் பெயரையே சுமக்கப் பயந்து திரிந்தோம். அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

"பேரை எடுத்துவிடுங்கோ ரீச்சர். ஓமந்தையில கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது? வவுனியாவில போய் நானே போடுறன்."

"மறக்கமாட்டியளே?"

"சீ, மறப்பனோ?"

என் கண்முன்னே தன் பெயரை அழித்துவிட்டு, வரிகளைப் பதிந்த புளொப்பித் தட்டைத் தந்தார். அன்று ஓமந்தையில் எவரும் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. பையிலிருந்த பாலைப்பழத்தைத்தான் கிண்டிப் பார்த்தார்கள்.

வவுனியா இணையக் கடையில், திருத்தம் அனுப்பும் படிவம் பெயரும் மின்னஞ்சலும் கேட்டது. "தம்பி, நேரம் முடியுது," என்றார் கடைக்காரர். மின்னஞ்சல் என்னுடையது, பெயரும் அதற்குப் பொருந்தட்டும், பிறகு மாற்றலாம் என்று என் பெயரைத் தட்டினேன். தவமலர், ஐந்தே எழுத்து. என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. அடுத்த கிழமை புரோகிராமை நடத்துகிறவர்களில் ஒருவர் பதில் எழுதியிருந்தார்: சேமிக்கும் நேரம் பார்த்து மின்சாரம் போவது அவ்வளவு அடிக்கடி நடக்குமா? தினமும் நான்கு தரம் என்று எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள். எனக்கு நன்றி சொன்னார்கள்.

இதைத் தவமலரிடம் சொன்னேன். "சரி, அடுத்த முறை போகேக்க மாத்திவிடுங்கோ." ஓம் என்றேன். அடுத்த முறை கடை பூட்டு. அதற்கடுத்த முறை மழை. உண்மையைச் சொல்கிறேன்: அந்த நன்றிக் கடிதத்தை அச்சடித்து வீட்டில் காட்டியிருந்தேன். அப்பா அதை நாலு பேரிடம் காட்டியிருந்தார். பிறகு, ஓர் ஆவணி மாதத்தில் சண்டை திரும்பத் தொடங்கி, பாதை மூடப்பட்டது. நான் வவுனியாப் பக்கம் நின்றேன், அவர் அந்தப் பக்கம்.

போர் முடிந்ததும் ஒவ்வொரு அகதி முகாமாகக் கம்பிவேலிக்கு வெளியே நின்று விசாரித்தேன். அவருடைய ஊர்க்காரர் ஒருவர் மட்டும், "ரீச்சரோ? கடைசிச் சண்டையில மாத்தளனில கண்டனாங்கள். பிறகு காணேல்ல," என்றார். அதற்குப் பிறகு கண்டவர் எவரையும் நான் சந்திக்கவில்லை.

போன வருடம்தான் எனக்கு வெட்கம் கெட்ட துணிச்சல் வந்தது. அந்தப் புரோகிராமை நடத்துகிறவர்களுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். மிக மரியாதையாகப் பதில் வந்தது. பழைய பதிவைத் தொடமுடியாதாம். நன்றிப் பட்டியலில் பெயரைச் சேர்க்கலாமாம். ஆனால் இன்னொருவர் சொல்லிச் சேர்ப்பது வழக்கமில்லையாம். அவரே தன் மின்னஞ்சலில் இருந்து ஒரு வரி எழுதி அனுப்பினால் போதுமாம்.

அவரே எழுத வேண்டுமாம்! மேசையைக் குத்தினேன், தேநீர் கொட்டியது. யார்மேல் கோபப்படுவது? அந்த மனிதர் விதியைத்தான் சொன்னார். நானும் அன்று வழக்கத்தைத்தான் செய்தேன்.

மாங்குளத்தில் அந்தத் தகர அறை இல்லை. அதிருந்த இடத்தில் கைத்தொலைபேசிக் கடை, பகலிலும் விளக்கு எரிகிறது. ஓமந்தைச் சாவடியும் இல்லை, பஸ் நிற்காமலே போகிறது. தவமலர் என்று கொட்டை எழுத்தில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டு போகலாம், கேட்பார் இல்லை. அந்தப் பதினொரு வரிகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. மேலே என் பெயர்.