கிரைண்டர் இடுக்கு

எங்கள் வீட்டுக் கிரைண்டரை வடிவமைத்த மனிதர் ஒரு நாளாவது மாவாட்டியிருப்பாரா? சத்தியமாக இருக்காது. ஆட்டியிருந்தால், அடிக்கல்லும் எவர்சில்வர் தகடும் சேரும் இடத்தில் அப்படியொரு இடுக்கை விட்டிருப்பாரா? விரல் நுழையாது, மாவு மட்டும் நுழையும். தொட்டியைத் தனியாகக் கழற்றிக் கழுவவும் வழி கிடையாது. சொம்பால் தண்ணீர் ஊற்றி, துணியால் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். நான் கொண்டை ஊசியால் தோண்டுவேன். சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று வரும் பாருங்கள், அப்படி நாறும். ஒருமுறை கரப்பான் மீசை வந்தது. ரிப்பேர் பார்க்க வந்தவரிடம் காட்டினேன். "அதோட டிசைனே அப்படித்தான்க்கா" என்று சொல்லிவிட்டு, நான் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

கல்யாணமாகித் திண்டிவனத்துக்கு வந்து நான்கைந்து வருடம் ஆகியிருந்தபோது, விழுப்புரத்தில் அப்பா இறந்துபோனார். வருடம் திரும்பியது. நான் ஒரே பிள்ளை. முதல் படையலை என் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றேன். "கட்டிக் குடுத்த ஊட்ல எப்படிடி படைக்கிறது? நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?" என்று அம்மா முரண்டு பிடித்தாள். என் கணவர் நேரில் போய்க் கூப்பிட்ட பிறகுதான் அரைமனதாக வந்தாள். அன்றைக்குக் குறையில்லாமல் நடந்தால்தான் அப்பாவின் படையல் இனி என் கைக்கு வரும்.

அப்பாவுக்கு உளுந்து வடை என்றால் உயிர். முந்தின நாளே இடுக்கைத் தோண்டிக் கழுவி வைத்தேன். விடிந்ததும் ஆட்டினேன். படையல் மாவை உப்புப் பார்க்கவும் வாயில் வைக்கக் கூடாது, மோந்தும் பார்க்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். நானும் பார்க்கவில்லை. இலை போட்டு, கற்பூரம் காட்டி, காக்காவுக்கு வைத்துவிட்டு, முதல் வடையை அம்மாவுக்குக் கொடுத்தேன். மென்றாள். கொஞ்சம் நிதானித்தாள். விழுங்கிவிட்டு இன்னொன்றும் எடுத்துக்கொண்டாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

பிறகு நான் ஒன்றைக் கடித்தேன். ஐயோ! ஊசிப்போன பழைய மாவின் நாற்றம். பல்லில் ஏதோ நெருடியது, எடுத்துப் பார்த்தால் கரப்பான் கால். கொல்லைக்கு ஓடித் துப்பினேன். நான் தோண்டியது மேலாக இருந்ததை மட்டும்தான். ஆழத்தில் கிடந்தது ஈரத்தில் இளகி மாவோடு கலந்திருக்கிறது. தூ, இதுவும் ஒரு மெஷினா!

"ஏம்மா, நீ துப்ப வேண்டியதுதானே?"

"அவருக்குப் படைச்சத எப்படிடி துப்புறது?"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "இனிமே நீ விழுப்புரத்துலயே படைச்சிக்கம்மா."

"அழுதுகினு நிக்காத, வாயக் கொப்புளி. நான் ஆக்கிப் போட்டத உங்கப்பா முப்பது வருசம் துப்பாமத்தான தின்னாரு? அடுத்த வருசமும் இங்கதான்."