பென்னாகரம் முகாமின் ஒரே சைலன்சர்

எண்பதுகளில் நான் எழுத்தராக இருந்தது வாகனங்களுக்குத் தகுதிச் சான்று கொடுக்கும் அலுவலகத்தில். மாதம் ஒருமுறை பென்னாகரத்தில் முகாம் போடுவோம். பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்த்துச் சொல்வார். நான் பதிவேட்டில் எழுதுவேன். சைலன்சருக்கு ஒரு கட்டம் உண்டு. புகைக்குத் தனிக் கட்டம் கிடையாது. யாருக்கும் அது தேவைப்படவில்லை. இயன்ற அளவு சத்தத்தைக் குறைக்கும் சைலன்சர் இருக்க வேண்டும் என்பது விதி. சத்தத்தை அளக்க எங்களிடம் இருந்த ஒரே கருவி இன்ஸ்பெக்டரின் காது. அதிலும் இடது காது மந்தம்.

ஒகேனக்கல் பாதையில் ஓடிய டாக்ஸிகள் எல்லாம் அம்பாசிடர்கள். சைலன்சருக்குள் இருக்கும் தகடுகளை வெட்டி எறிந்தால் வண்டி ஏற்றத்தில் நன்றாக இழுக்கும் என்று ஓட்டுநர்களுக்கு ஒரு நம்பிக்கை. வண்டி இழுத்ததோ இல்லையோ, ஊர் காதைப் பொத்திக்கொண்டது. முகாம் நாளில் மட்டும் மைதானத்துக்குச் சற்றுத் தள்ளி, புளியமரத்தடியில் ஒரு மெக்கானிக் நல்ல சைலன்சர் ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வாடகைக்கு மாட்டுவார். வண்டி தேறியதும், சூடு தாங்க ஈரச் சாக்கைச் சுற்றிக் கழற்றி அடுத்த வண்டிக்கு மாட்டுவார். அதன் அடியில் பிறை போல ஒரு நசுங்கல். ஒரே நாளில் அந்தப் பிறையை ஏழு முறை பார்த்து ஏழு முறை ‘நன்று’ என்று எழுதியிருக்கிறேன்.

தருமபுரியில் என் தெருவில் ஒரு டாக்ஸிக்காரர் இருந்தார். அவர் வண்டியின் சைலன்சர் துருப்பிடித்துக் கொட்டிவிட்டது. என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டார். வாடகைச் சைலன்சர் மோசடி, சொந்தமாக ஒன்று செய்துகொள்ளுங்கள், கம்பெனித் தயாரிப்பாக இருக்க வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை என்றேன். பாய் ஒருவரின் பட்டறையில் இரண்டு நாள் நின்று, உள்ளே மூன்று தகடுகள் வைத்துச் செய்து வாங்கினார். வண்டி தெருவில் வந்து நிற்பதே தெரியாது.

முகாமுக்கு அடுத்த வாரம் ஆடிப்பெருக்கு. அந்த நாட்களின் சவாரியை நம்பித்தான் அவருக்கு வருடமே. பழைய சான்றின் காலம் முடிந்துவிட்டது, இதைவிட்டால் அடுத்த முகாமுக்கு ஒரு மாதம்.

முகாமில் அவர் வண்டியின் அடியில் இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். “இது கம்பெனி ஐட்டம் இல்லையே. மாத்தி வச்சிருக்க. தள்ளிட்டுப் போ.”

நான் எழுந்து விதியைப் படித்துக் காட்டினேன்.

“நீர் கட்டத்தை நிரப்பும். வண்டிய நான் பாத்துக்கறேன்.”

அடுத்த வண்டி வந்தது. பிறை இருந்தது. ஈரச் சாக்கின் ஆவிகூட அடங்கவில்லை. தேறியது. கிளம்பும்போது விட்ட புகையில் பதிவேடு கறுத்தது.

டாக்ஸிக்காரர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் புளியமரத்துக்குப் போனார். முக்கால் மணி நேரத்தில் பிறையோடு திரும்பினார். “இப்பப் பாரு, எப்படி இருக்கு” என்று இன்ஸ்பெக்டர் மெச்சிக்கொண்டார். நான் ‘நன்று’ என்று எழுதினேன். எழுத மறுத்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு நடைமுறையைச் சொல்கிறேன்: புகாரை உரிய வழியாக அனுப்ப வேண்டும். உரிய வழி அந்த இன்ஸ்பெக்டர்தான். இன்றைக்கும் அப்படி எழுதியதை நினைத்தால் விரல் எரிகிறது. அவர்மேல் வந்த கோபத்தில் பாதி என்மேலேயே திரும்புகிறது.

சாயங்காலம் டாக்ஸிக்காரர் தன் சைலன்சரை மீண்டும் மாட்டிக்கொண்டு என்னையும் ஏற்றிக்கொண்டார். நான்தான் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். காலையில் நான் ‘நன்று’ எழுதிய இரண்டு வண்டிகள் ஊரே அதிர எங்களைத் தாண்டிப் போயின. அதற்குப் பிறகுதான் அவர் வாயைத் திறந்தார்.

“அடுத்த தடவ நேரா புளியமரத்துக்கே போயிக்கறனுங்க சார். உங்களக் கேக்க மாட்டனுங்க.”

மெதுவாகத்தான் சொன்னார். வண்டி சத்தமே இல்லாமல் ஓடியதால் ஒரு சொல்கூடத் தப்பாமல் எனக்குக் கேட்டது.