அப்பா எழும்பி நின்ற பின்னேரம்

போன சனிக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டு வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. இறங்கியவரைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இங்கிலாந்தில் எனக்கு இங்கிலீஷ் படிப்பித்த வாத்தியார்! பக்கத்தில் நிலாவெளிக் கடற்கரையில் ஹோட்டல் எடுத்து விடுமுறைக்கு வந்து நிற்கிறாராம். பழைய மாணவியை விசாரித்துத் தேடி வந்திருக்கிறார்.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே? எனக்கோ அப்படி இல்லை. ஏனென்று சொல்வதானால், உங்களிடம் இவ்வளவு நாளும் மறைத்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

நான் சீமைக்குப் போய் மூன்று மாதம் இங்கிலீஷ் படித்த கதையை இந்தப் பத்திரிகைப் பத்தியில் ஏற்கனவே அளந்திருக்கிறேன். விறைக்கிற குளிர்... உப்பும் இல்லாத, உறைப்பும் இல்லாத சாப்பாடு... முப்பத்தெட்டு வயதில் நண்டும் சிண்டுமான பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்த கூத்து... எல்லாம் எழுதினேன். நீங்களும் சிரித்தீர்கள். முதல் நாள் நடந்ததை மட்டும் எழுதவில்லை.

எனக்கு இங்கிலீஷ் ரீச்சர் என்று பெயர். ஆனால் படித்ததெல்லாம் தமிழில். பள்ளிக்கூடத்தில் வேறு ஆள் இல்லையென்று என் தலையில் கட்டிய பாடம் அது. அதனால்தான் உதவிப் பணம் கொடுத்து, போய்ப் படித்துவிட்டு வா என்று அனுப்பினார்கள். முதல் நாள் கிளாசில் ஒவ்வொருவராக எழும்பி ஊரும் பேரும் சொன்னோம். நான் திருகோணமலை என்றேன். சொன்னதுதான் தாமதம், வாத்தியார் துள்ளி எழும்பினார்.

இளவயதில் வெள்ளைக்காரரின் நேவியில் சேர்ந்து எங்கள் துறைமுகத்தில் இருந்தவராம். தமிழும் தெரியுமாம்! இரண்டு கையையும் விரித்து, முகமெல்லாம் சிரிப்பாக, என்னைப் பார்த்துச் சொன்னார்:

"டேய்! கெடியா வா! டண்ணி கொண்டா!"

ஐயோ கடவுளே! ஒரு பொம்பிளையைப் பார்த்து... டேய்! கெதியாய், சுறுக்காய் வந்து தண்ணி கொண்டா என்று!

ஆனால் மனிதரைக் கோபிக்கவும் முடியவில்லை. கள்ளம் கபடம் இல்லாத முகம். நேவி பங்களாக்களில் வேலைக்கு நின்ற எங்கள் ஆட்களைத் துரைமார் கூப்பிட்ட தமிழ் அது. அவர் காதில் விழுந்த தமிழே அவ்வளவுதான். அதை வணக்கம் என்று நினைத்து, இத்தனை வருஷமாக மறக்காமல் வைத்திருந்திருக்கிறார்.

"நான் சொன்னதன் அர்த்தத்தை எல்லாருக்கும் சொல்லுங்கள்" என்றார்.

கிளாஸ் முழுக்க என்னையே பார்த்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வாருங்கள், வந்து கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள். இது எங்கள் ஊர் வரவேற்பு" என்றேன். என்னுடைய உடைந்த இங்கிலீஷில் அன்றைக்குப் பிழையில்லாமல் வந்த ஒரே வசனம் அதுதான். எல்லாரும் கைதட்டினார்கள்.

அத்தோடு முடிந்ததா? மறுநாள் காலை ஜப்பான்காரப் பிள்ளை ஒன்று இடுப்பு வளைய என்னை வணங்கி, "டேய், டண்ணி கொண்டா" என்றது! பிறகு பிரேசில் பெடியன். பிறகு தாடி வைத்த அரபிக்காரர். மூன்று மாதமும் படிக்கட்டில், சாப்பாட்டு மேசையில், பஸ் நிற்கிற இடத்தில் — அன்போடு, மரியாதையோடு — டேய்! டேய்! நானும் பல்லைக் காட்டி "தாங்க் யூ" சொன்னேன். வேறென்ன செய்ய? நானே வெட்டின குழி.

அறைக்கு வந்து கதவைச் சாத்தினால் அப்பாவின் முகம் வரும். அழுகையும் வரும். ஏனென்றால், அப்படி ஒரு பங்களாவில் சமையலுக்கு நின்றவர்தான் என் அப்பா.

அப்பாவைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். கோயில் தலைவரே வீட்டுக்கு வந்தாலும் கதிரையை விட்டு அசையமாட்டார். "இருங்கோ" என்று கையைக் காட்டுவார், அவ்வளவுதான். "தண்ணி கொண்டா பிள்ளை" என்று ஒரு குரல் கொடுத்தால் நான் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். பங்களாக் கதையும் அதே மிடுக்கில்தான் வரும். "நான் வைக்கிற கறியைத்தான் துரை தின்னோணும். வாய் திறக்கேலாது!" அங்கேயும் அவர் ராசா மாதிரித்தான் இருந்தார் என்று நம்பி வளர்ந்தவள் நான்.

சரி, சனிக்கிழமைக்கு வருவோம்.

அப்பா விறாந்தையில் சாய்ந்து கிடந்தார். இரண்டு கண்ணிலும் படலம். ஆள் வந்தால் நிழல்தான் தெரியும். நான் உடனே ஓடிப்போய்ப் படலையிலேயே வாத்தியாரை மறித்திருக்க வேண்டும். கொண்டையைச் சரிபண்ணிக்கொண்டு நின்றேன், மடைச்சி! அதற்குள் அவர் விறாந்தைக்கே வந்துவிட்டார். வயதான மனிதரைக் கண்டதும் கையை விரித்தார். நான் கற்றுக்கொடுத்த அர்த்தத்தோடு, மனம் நிறைந்து சொன்னார்:

"டேய்! கெடியா வா! டண்ணி கொண்டா!"

அப்பா எழும்பினார்.

மடித்துக் கட்டியிருந்த சாரத்தை மரியாதைக்கு இறக்கி விட்டார். "யெஸ் சேர்! கமிங் சேர்!" என்றார். அந்தக் குரலை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. சுவரைத் தடவித் தடவிக் குசினிக்குள் போனார். நான் பின்னால் ஓடினேன்.

"அப்பா, விடுங்கோ, நான் குடுக்கிறன்."

"தள்ளு பிள்ளை. துரை நிக்கிறார்."

பீங்கான் தட்டின் மேல் கிளாசை வைத்து, இடது கையில் துவாயை மடித்துப் போட்டு, முதுகை வளைத்துக்கொண்டு வந்தார். ஒரு துளி சிந்தவில்லை. வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. தண்ணீரைக் குடித்துவிட்டு அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு என் பக்கம் திரும்பி, "சரியாகச் சொன்னேனா?" என்று கேட்டார்.

உண்மையைச் சொல்வதற்கு இப்போது என்னிடம் இங்கிலீஷ் இருந்தது. மூன்று மாதம் அவரே படிப்பித்த இங்கிலீஷ். இலக்கணம், உச்சரிப்பு எல்லாம் சரி.

"வெரி குட், சேர்" என்றேன்.

எனக்கு நானே துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

பொழுதுபட்டதும் அப்பாவுக்குச் சாப்பாடு போட்டேன். வழக்கமாக இரண்டாவது வாய்க்கே தண்ணீர் கேட்பவர், கேட்கவில்லை. கையால் தடவிச் செம்பை எடுத்துத் தானே வார்த்துக் குடித்தார். அவர் வளைந்து நின்றதை நான் பார்த்துவிட்டேன் என்பது அவருக்குத் தெரியும்.

கை கழுவிக்கொண்டு வந்து கதிரையில் இருந்தவர், என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"பிள்ளை, அங்கயும் உன்னை இப்பிடித்தானோ கூப்பிட்டவங்கள்?"

ஜப்பான் பிள்ளை, பிரேசில் பெடியன், தாடிக்காரர் எல்லாரும் வரிசையாக வந்து கண் முன்னே நின்றார்கள்.

"சீச்சீ! இல்லையப்பா. 'மிஸ்' எண்டுதான் கூப்பிட்டவங்கள். நல்ல மரியாதையாத்தான் கதைச்சவங்கள்."

"உண்மையாவோ?"

"ஓம் அப்பா. உண்மையா."

"ம்... அப்ப சரி" என்றார். பிறகு காலை நீட்டி, நன்றாகச் சாய்ந்துகொண்டு, பழைய குரலில் சொன்னார்:

"தண்ணி கொண்டா பிள்ளை."

ஓடினேன்.

அப்பாவுக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டுவது நான்தான். இந்த வாரம் இந்தப் பக்கத்தை மட்டும் தாண்டிவிடுவேன். அப்பாவைக் கண்ட இடத்தில் நீங்களும் சொல்லிவிடாதீர்கள்!